நின்னுக்கிட்டே வேலை பார்த்தால் நல்லதா? உட்கார்ந்தே இருந்தால் ஆபத்தா? - ஸ்டாண்டிங் டெஸ்க் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

காலை 10 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறோம். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் மாலை ஆகிவிடுகிறது. வீட்டுக்குப் போனாலும் சோபா, டிவி, செல்போன். ஐடி ஊழியர், வங்கிப் பணியாளர், அரசு அலுவலக எழுத்தர், கால் சென்டர் ஊழியர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் என லட்சக்கணக்கானவர்களின் ஒரு நாள் இப்படித்தான் போகிறது.

"உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை வரும், இதயம் கெடும், முதுகு போய்விடும்" என்ற எச்சரிக்கை ஒரு பக்கம். "ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்குங்க, நின்னுக்கிட்டே வேலை பாருங்க, தொப்பை குறையும்" என்ற விளம்பரம் இன்னொரு பக்கம். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்காதா என்று ஏங்குபவர்கள்.

அப்படியென்றால் எது உண்மை? நிற்பதா, உட்கார்வதா? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* நீண்ட நேரம் அசையாமல் உட்கார்வது உடலுக்குக் கெடுதல். இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.
* ஆனால் அதற்கு மருந்து, நீண்ட நேரம் அசையாமல் நிற்பது அல்ல. அதற்கும் தனிப் பாதிப்புகள் உண்டு.
* நின்றால் எடை குறையும் என்பது பெருமளவுக்கு மிகைப்படுத்தல்.
* கழுத்து, மேல்முதுகு வலிக்கு ஸ்டாண்டிங் டெஸ்க் ஓரளவு உதவலாம்.
* உடலுக்கு உண்மையில் தேவை அசைவு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பதற்கு நல்ல பலன் இருக்கிறது. அதற்குச் செலவும் கிடையாது.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது?

லண்டன் பேருந்துகளில். இரண்டாம் உலகப்போருக்குப் பின், மாரடைப்பு ஏன் அதிகரிக்கிறது என்று ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் தேடிக்கொண்டிருந்தார். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் தகவல்களை அவரது குழு ஆராய்ந்தது. முடிவுகள் 1953-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகின.

லண்டனின் புகழ்பெற்ற மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். ஆனால் ஓட்டுநர்களைவிட கண்டக்டர்களுக்கு இதய நோய் பாதிப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யமான திருப்பமும் உண்டு. ஒருவேளை வேலையில் சேரும்போதே ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்களோ என்ற சந்தேகம் மோரிஸுக்கே வந்தது. அதைச் சரிபார்க்க அவர் எடுத்த ஆவணம், ஊழியர்களுக்குச் சீருடை தைத்த அளவுக் கணக்கு! ஓட்டுநர்களின் பேன்ட் இடுப்பளவு, அதே வயது கண்டக்டர்களைவிடப் பெரிதாகவே இருந்தது. இளம் வயதினரிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. அதாவது, எல்லாப் பழியையும் நாற்காலி மீது போட்டுவிட முடியாது என்பதை 1956-லேயே அவர் பதிவு செய்துவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அந்தக் கண்டக்டர்கள் சும்மா ஒரே இடத்தில் நிற்கவில்லை. நடந்தார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள். பிற்காலத்தில் இந்த ஆய்வை 'உட்கார்வதா, நிற்பதா' என்று சுருக்கிப் பேசியதில்தான் குழப்பமே ஆரம்பித்தது.

நீண்ட நேரம் உட்கார்ந்தால் உடலில் என்ன நடக்கிறது?

உடலின் பெரிய தசைகள் இருப்பது தொடையிலும் இடுப்பிலும்தான். நாம் நடக்கும்போது இவை சுருங்கி விரிந்து, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்துகின்றன. உட்கார்ந்ததும் இந்தத் தசைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை மெதுவாகத்தான் இறங்குகிறது. ரத்தத்தில் உள்ள கொழுப்பைக் கையாளும் வேகமும் குறைகிறது.

அடுத்து, கால்களில் ரத்த ஓட்டம். முழங்கால் மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்கும்போது கீழ்க்காலில் ரத்தம் தேங்குகிறது. மாலையில் செருப்பு இறுக்கமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, நாம் உட்காரும் விதம். லேப்டாப்பைப் பார்க்கத் தலையைக் குனிகிறோம், தோளைக் குறுக்குகிறோம், முதுகை வளைக்கிறோம். இது கழுத்து, தோள், மேல்முதுகு வலியில் கொண்டுபோய் விடுகிறது.

இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாமல் இருந்தனர். 2000-ல் இது 22.3 சதவீதம்தான். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்தப் பிரச்சினை அதிகம்.

'உட்கார்வது புகைபிடிப்பதற்குச் சமம்' - உண்மையா?

இல்லை. இது கேட்க நன்றாக இருக்கும் ஒரு வாசகம், அவ்வளவுதான். அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் லெவின் உள்ளிட்டோர் மூலம் இது பிரபலமானது. மக்களை எழுந்திருக்க வைக்க இது உதவியிருக்கலாம். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை.

புகையிலையால் உலகில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் உட்கார்வதால் வரும் ஆபத்து இதன் பக்கத்தில்கூட வராது. இரண்டையும் ஒப்பிடுவதே தவறு என்று 2018-ல் அமெரிக்கப் பொது சுகாதார இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாள்தோறும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் பயந்துபோகத் தேவையில்லை. அதேபோல, "நான் நின்னுதானே வேலை பார்க்கிறேன்" என்று சிகரெட்டைத் தொடர்வதற்கும் நியாயம் இல்லை.

நின்றால் எடை குறையுமா?

ஸ்டாண்டிங் டெஸ்க் விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாக்குறுதி இது. மயோ கிளினிக் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உட்காருவதைவிட நிற்கும்போது நிமிடத்துக்குக் கூடுதலாகச் செலவாவது 0.15 கலோரி மட்டுமே.

65 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 6 மணி நேரம் உட்காருவதற்குப் பதில் நின்றால், கூடுதலாகச் செலவாவது 54 கலோரி. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. ஆறு மணி நேரம் கால் கடுக்க நின்று கரைத்ததை, நன்றாகச் சர்க்கரை போட்ட ஒரு டீ திருப்பிக் கொடுத்துவிடும்.

அதுவே நடந்தால்? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில், 15 நிமிடம் உட்கார்ந்து கணினியில் வேலை பார்த்தவர்கள் செலவழித்தது சுமார் 20 கலோரி. 15 நிமிடம் நின்றவர்கள் 22 கலோரி. 15 நிமிடம் நடந்தவர்களோ 50 கலோரிக்கு மேல். நிற்பதற்கும் உட்கார்வதற்கும் இடையே 2 கலோரிதான் வித்தியாசம். நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கும் மேல்.

நாள் முழுக்க நின்றால் என்ன ஆகும்?

இங்கேதான் பலரும் கவனிக்காத பகுதி இருக்கிறது.

இதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் ரத்தம், புவியீர்ப்பை எதிர்த்து மேலே திரும்ப வேண்டும். இந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது இந்தத் தசை பம்ப் மாதிரி அழுத்தி அழுத்தி ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ரத்தம் திரும்பக் கீழே இறங்காமல் தடுக்க நாளங்களில் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன.

அசையாமல் நிற்கும்போது பம்ப் ஓடுவதில்லை. ரத்தம் காலில் தேங்கி, நாளங்களில் அழுத்தம் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் வால்வுகள் பலவீனமாகி, நாளங்கள் நீலநிறத்தில் புடைத்துச் சுருண்டு தெரியும். இதைத்தான் 'நரம்புச் சுருட்டல்' என்கிறோம். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். பெயரில் நரம்பு இருந்தாலும் பாதிக்கப்படுவது ரத்த நாளம்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

* கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,320 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2017-ல் வெளியானது. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைவிட, பெரும்பாலும் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு இருந்தது. வயது, கல்வி, உடல் எடை, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நீடித்தது.

* சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனைச் சேர்ந்த 83,013 பேரின் அசைவுகள் கைக்கடிகாரம் போன்ற கருவியால் பதிவு செய்யப்பட்டன. அதிக நேரம் நிற்பதால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து குறையவில்லை. மாறாக, நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும், நரம்புச் சுருட்டல், நாளப் புண் போன்ற ரத்த ஓட்டக் கோளாறு ஆபத்து 11 சதவீதம் கூடியது. அதே ஆய்வில், 10 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்கும் ஆபத்து கூடியது.

ஒரு எச்சரிக்கை: இவை மக்களைக் கண்காணித்துச் செய்த ஆய்வுகள். நின்று வேலை பார்ப்பவர்களில் பலர் குறைந்த சம்பளத்தில், ஓய்வு இல்லாமல் உழைப்பவர்கள். அந்த அழுத்தத்தின் பங்கை முழுசாகப் பிரித்தெடுப்பது கடினம். ஆனாலும் 'நிற்பது இதயத்துக்குக் கவசம்' என்று சொல்ல இந்த ஆய்வுகளில் இடமில்லை.

முதுகுவலிக்கு ஸ்டாண்டிங் டெஸ்க் உதவுமா?

ஓரளவு உதவும் என்பதே பதில்.

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 2011-ல் ஒரு சிறிய சோதனை நடந்தது. ஒரு நிறுவன ஊழியர்கள் சிலருக்கு ஏற்றி இறக்கும் மேஜை தரப்பட்டது. அவர்கள் உட்காரும் நேரம் நாளொன்றுக்கு 66 நிமிடம் குறைந்தது. மேல்முதுகு, கழுத்து வலி 54 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். மேஜையைத் திரும்ப எடுத்துக்கொண்டதும், இரண்டே வாரத்தில் பெரும்பாலான பலன் போய்விட்டது. இதில் பங்கேற்றவர்கள் மொத்தமே 34 பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

"உட்கார்ந்தால் முதுகெலும்பு டிஸ்க்கில் 40 சதவீதம் கூடுதல் அழுத்தம்" என்ற தகவலைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இது ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் தொடங்கிச் செய்த அளவீடுகளில் இருந்து வந்தது. ஆனால் 1999-ல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழு நவீனக் கருவியால் அளந்தபோது, நன்றாகச் சாய்ந்து தளர்வாக உட்கார்ந்த நிலையில் அழுத்தம் நிற்பதைவிட அதிகமாக இல்லை. முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தபோதுதான் கூடியது. ஆக, உட்கார்வதைவிட எப்படி உட்கார்கிறோம் என்பதே முக்கியம். சாய்மானம் இருந்தும் நுனியில் உட்கார்ந்து ஸ்கிரீனை நோக்கி வளைவதுதான் பிரச்சினை.

மறுபக்கம், நீண்ட நேரம் நிற்பதாலும் இடுப்புவலி வருகிறது. ஏற்கெனவே முதுகுவலி இல்லாதவர்களுக்கும், இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வைத்தால் வலி தொடங்குவதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

மேஜை வாங்கினால் பழக்கம் மாறுமா?

பிரிட்டனில் உள்ளாட்சி ஊழியர்கள் 756 பேரிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2022-ல் 'பிஎம்ஜே' இதழில் வெளியானது. ஊழியர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆலோசனை, நினைவூட்டல், குழுப் போட்டி போன்றவை. இன்னொரு பிரிவுக்கு இவற்றோடு ஏற்றி இறக்கும் மேஜையும். மூன்றாவது பிரிவு வழக்கம்போல.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் நாளொன்றுக்கு சுமார் 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். மேஜையும் சேர்த்துப் பெற்றவர்கள் சுமார் 64 நிமிடம் குறைத்தார்கள். அதாவது மேஜை உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் குறைந்த நேரத்தின் பெரும்பகுதி நிற்பதில்தான் போனது, நடப்பதில் அல்ல. எடை, ரத்தச் சர்க்கரை போன்றவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

எனவே பணம் இருந்து, வலி குறைய வேண்டும் என்பதற்காக வாங்கினால் தவறில்லை. எடை குறைக்க, சர்க்கரையைக் கட்டுப்படுத்த என்று மட்டும் நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

நிற்பதைத் தவிர வழியில்லாதவர்கள் கதை என்ன?

அலுவலகத்தில் இருப்பவருக்கு நிற்பது ஒரு விருப்பம். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது கட்டாயம். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கினால் இரவு ஷட்டர் இறங்கும் வரை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதி.

இதை எதிர்த்துப் போராட்டம் வெடித்தது கேரளாவில். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜியின் தலைமையில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். கழிப்பறை வசதி கேட்டுத் தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசியின் '100 பெண்கள்' பட்டியலிலும் விஜி இடம்பிடித்தார்.

கேரளாவைத் தொடர்ந்து தமிழ்நாடு. 2021 செப்டம்பரில், 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டப்பேரவையில் தாக்கல் செய்தார். சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் ஊழியர் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை இருக்கக் கூடாது.

இது திடீரென்று முளைத்த யோசனையும் இல்லை. பிரிட்டனில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்றது அது. இந்தியாவிலும் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. கடை ஊழியர்கள்தான் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள்.

இருக்கை போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கக் கூடாது என்பதும் முக்கியம். சட்டம் சொல்லும் 'வாய்ப்பு' என்பதன் பொருள் அதுதான். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால், அதை மரியாதைக் குறைவு என்று நினைக்காமல் இருப்பது வாடிக்கையாளர் செய்யக்கூடிய உதவி.

சரி, அப்போ என்னதான் செய்வது?

அசைவுதான் விடை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயஸ் குழு 2023-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 11 பேரை 8 மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு இடைவெளியில் நடக்க வைத்தார்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 58 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் 4 முதல் 5 புள்ளி குறைந்தது. மணிக்கு ஒருமுறை 1 நிமிடம் நடந்தபோதுகூட ரத்த அழுத்தத்தில் பலன் தெரிந்தது. சிறிய சோதனைதான். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

அலுவலகத்தில் அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நடந்தால் மேனேஜர் சும்மா விடுவாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடைமுறையில் முடிகிறவை இவை:

1. போன் வந்தால் எழுந்துவிடுங்கள். நடந்துகொண்டே பேசுங்கள். இந்த ஒரு பழக்கமே ஒரு நாளில் பல முறை எழ வைக்கும்.

2. ஒரு லிட்டர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் சின்ன டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிக்க எழுந்தே ஆக வேண்டும்.

3. பக்கத்து பிரிவில் இருப்பவருக்கு மெசேஜ் அனுப்புவதற்குப் பதில், நேரில் போய்ச் சொல்லுங்கள்.

4. மதியச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடங்கள். சர்க்கரை ஏறும் நேரம் அதுதான்.

5. லிஃப்டுக்குப் பதில் ஒன்றிரண்டு மாடி படியேறுங்கள்.

6. செல்போனில் அரை மணிக்கு ஒரு அலாரம். எழ முடியாத கூட்டத்தில் இருந்தால், மேஜைக்கு அடியில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் பம்ப் ஓடும்.

ஸ்டாண்டிங் டெஸ்க் வைத்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம்? கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஹெட்ஜ் சொன்ன ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 20 நிமிடம் உட்காரு, 8 நிமிடம் நில், 2 நிமிடம் அசை. 2015-ல் பிரிட்டன் நிபுணர் குழு ஒன்று, அலுவலக ஊழியர்கள் வேலை நேரத்தில் நிற்பது, மெல்ல நடப்பது இரண்டும் சேர்த்து 2 மணி நேரத்தில் தொடங்கி மெதுவாக 4 மணி நேரம் வரை போகலாம் என்றது. முதல் நாளே 4 மணி நேரம் நின்றால் மறுநாள் கால் வலியில் மேஜையே வேண்டாம் என்றாகிவிடும். 15 நிமிடத்தில் தொடங்குவது நல்லது.

மேஜை, நாற்காலி எப்படி இருக்க வேண்டும்?

உட்காரும்போது:
* பாதம் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். பல அலுவலக மேஜைகள் 72 முதல் 75 செ.மீ. உயரம். உயரம் குறைந்தவர்கள் இதற்காக நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். காலுக்கு அடியில் ஒரு சின்னப் பலகையோ, பெட்டியோ வைத்துக்கொள்ளலாம்.
* முதுகு சாய்மானத்தில் பட வேண்டும். இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு வைத்தாலே போதும்.
* பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

நிற்கும்போது:
* முழங்கை சுமார் 90 டிகிரியில் மடங்கும் உயரத்தில் கீபோர்டு இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 100 முதல் 105 செ.மீ.
* ஒரு காலை மாற்றி மாற்றிச் சின்ன ஸ்டூல் மீது வைத்தால் இடுப்புச் சுமை குறையும்.
* வெறும் தரையில், வெறுங்காலில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். மெத்தென்ற செருப்போ, தடித்த ரப்பர் மேட்டோ இருக்கட்டும்.

இரண்டுக்கும் பொது: ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். லேப்டாப் என்றால் அதைப் புத்தகங்கள் மேல் ஏற்றிவைத்து, தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்வது பெரிய செலவில்லாத தீர்வு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சமையல் மேடையை ஸ்டாண்டிங் டெஸ்க்காகப் பயன்படுத்தலாமா?
கொஞ்ச நேரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் சமையல் மேடை பலருக்கு முழங்கை உயரத்தைவிடத் தாழ்வாக இருக்கும். குனிந்து வேலை பார்த்தால் கழுத்துவலி வரும். அதன்மேல் உறுதியான பெட்டி வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். அடுப்பு, தண்ணீர் பக்கத்தில் லேப்டாப் வேண்டாம்.

தினமும் காலை வாக்கிங் போகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தால் பரவாயில்லையா?
10 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களைத் தொகுத்து 2016-ல் லான்செட்டில் வந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் வரும் கூடுதல் இறப்பு ஆபத்து ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அரை மணி நேரம் நடந்தாலும் ஆபத்து குறையும், ஆனால் முழுசாகப் போகாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது.

கர்ப்பிணிகள் நின்று வேலை பார்க்கலாமா?
கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் தேங்குவதும் வீக்கமும் இயல்பாகவே கூடும். நீண்ட நேரம் நிற்பதையும், நீண்ட நேரம் கால் தொங்கப்போட்டு உட்கார்வதையும் தவிர்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

கடையில் நின்றே வேலை. உட்கார முடியாது. என்ன செய்யலாம்?
ஒரே இடத்தில் நிற்பதைவிட இரண்டு அடி அங்குமிங்கும் நடப்பது நல்லது. நடக்க இடமில்லாவிட்டால் குதிகாலை உயர்த்தி இறக்குவது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது உதவும். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் உயர்த்தி 15 நிமிடம் படுக்கலாம். அழுத்தக் காலுறையை மருத்துவரிடம் கேட்டு, சரியான அளவில் வாங்க வேண்டும். நிறுவனத்தில் இருக்கை வசதியே இல்லை என்றால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலி, சூடு, சிவப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆழமான நாளத்தில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். இதோடு மூச்சுத்திணறலும் வந்தால் அவசர சிகிச்சை தேவை.
* கணுக்கால் அருகே தோல் கறுத்து, ஆறாத புண் இருந்தால்.
* முதுகுவலி காலுக்குப் பரவி மரத்துப்போனால். சிறுநீர், மலம் கட்டுப்பாடு பாதித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.
* கை விரல்களில் மரத்துப்போதல், பொருளைப் பிடிக்க முடியாத பலவீனம் தொடர்ந்தால்.

முடிவாக, உட்கார்வதும் நிற்பதும் எதிரிகள் அல்ல. எதையும் அளவுக்கு மீறிச் செய்ய வைக்கும் வேலைமுறைதான் பிரச்சினை. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எழுந்திருக்க நேரம் வேண்டும், நின்று வேலை பார்ப்பவருக்கு உட்கார இருக்கை வேண்டும். முதலாவதற்கு ஒரு அலாரம் போதும். இரண்டாவதற்குச் சட்டமே இருக்கிறது.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை நோய், மூட்டுவலி உள்ளவர்கள் பழக்கத்தை மாற்றும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)